கோடை ஊழியத்துக்குப் புறப்படும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,



பரீட்சை முடிந்துவிட்டது. விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) பயிற்சி முகாமும் முடிந்துவிட்டது. ஆக்‌ஷன் பாட்டுகள் மனப்பாடம். வசன அட்டைகளை வெட்டி ஒட்டியாயிற்று. கைவேலைச் சாமான்கள் அட்டைப்பெட்டிகளில் கட்டிக் கிடக்கின்றன. பாளையங்கோட்டையிலிருந்தும் நாசரேத்திலிருந்தும் மெஞ்ஞானபுரத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் இன்னும் சில நாளில் ரயிலேறப் போகிறீர்கள். சிலருக்கு ஜவ்வாது மலை, சிலருக்குக் கல்வராயன் மலை, சிலருக்கு அதையும் தாண்டி வடக்கே. பல கோடைகள் இதே ஊழியத்தில் இருந்தவள் நான். பயிற்சி முகாமின் பாடத்திட்டத்தில் இடம்பெறாத ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். அது வீட்டு நினைப்பு.

முதல் இரண்டு நாள் அது தலைகாட்டாது. புது ஊர், புதுப் பிள்ளைகள், பெயர் கேட்பதும் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதுமாகப் பொழுது போய்விடும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மத்தியானம் பிள்ளைகள் கலைந்துபோன பிறகு மெல்ல வரும். சிலருக்குச் சாயங்காலம், ஊரில் அடுப்புப் புகை எழும்பும் நேரத்தில் வரும். சோறு இறங்காது. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வார்கள். கத்தரிக்கோலை யார் எடுத்தது என்பதற்கெல்லாம் சண்டை வரும். ராத்திரி ஜெபத்தில் அப்பா அம்மா பேரைச் சொல்லும்போது தொண்டை அடைக்கும். வீட்டில் அம்மா கூப்பிட்டால் சலித்துக்கொள்கிற பையன்தான் போனில் ஒரு கோடு சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நிற்பான். அவனுக்கு வீட்டைத் தேடுகிறது. ஆனால் அதை வெளியே சொல்லமாட்டான்.

வீட்டு நினைப்புக்கு ஒரு காரணம் நம் ஊரின் மே மாதம். விடியற்காலையில் பனைமரத்தடியிலேயே பட்டையில் ஊற்றிக் குடிக்கும் பதநீர் அந்த மாதத்தில் உண்டு. நுங்கும் உண்டு. தேரிக்காட்டில் கொல்லாம்பழம், விடிலியில் கொதிக்கிற கருப்பட்டிப் பாகின் வாசனை, பம்பாயிலும் சென்னையிலும் இருக்கிற சித்தப்பா, அத்தை பிள்ளைகளெல்லாம் ஊருக்கு வந்து முற்றத்தில் பாய்விரித்து வரிசையாகப் படுக்கிற ராத்திரிகள், கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம், கல்யாணங்கள் எல்லாம் அந்தச் சில வாரங்களில் கூடிவரும். ஜூனில் போய்த் தேடினால் அத்தை பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். கோடை ஊழியத்துக்குப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போவது இத்தனையையும்தான். சபையில் உங்களை முன்னே நிறுத்தி ஜெபித்து அனுப்புகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு வருஷத்தின் இனிப்பான பகுதியைக் கேட்டு வாங்குகிறோம் என்று உணர்ந்து கேட்க வேண்டும்.

வீட்டு நினைப்பைச் சொன்னால் என்ன பதில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒப்புக்கொடுத்தல் பத்தாது, உலகப் பாசம் இன்னும் அறவில்லை, முழங்காலில் நின்றால் சரியாகிவிடும். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது சரியில்லை என்பதே என் திடமான எண்ணம். வேதம் அப்படிச் சொல்லவில்லை.

பிலிப்பியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைக் கடைசிவரை வாசியுங்கள். நம்மில் பலர் கிறிஸ்துவின் தாழ்மையைச் சொல்கிற முதல் பாதியோடு நின்றுவிடுகிறோம். கடைசியில் எப்பாப்பிரோதீத்து என்று ஒருவர் வருகிறார். பிலிப்பி சபை சேர்த்த காணிக்கையை எடுத்துக்கொண்டு, காவலில் இருந்த பவுலுக்குப் பணிவிடை செய்ய வந்தவர். சபையால் அனுப்பப்பட்ட ஆள், உங்களைப் போல. வந்த இடத்தில் சாகக் கிடக்கும் அளவுக்குச் சுகவீனம். பிழைத்துக்கொண்டார். ஆனால் ஊர் நினைப்பு அவரை வாட்டுகிறது. தனக்கு முடியவில்லை என்ற செய்தி ஊருக்கு எட்டிவிட்டதே, அங்கே என்ன பாடு படுகிறார்களோ என்று அவர் வியாகுலப்படுகிறார். வீட்டை விட்டுத் தள்ளி இருந்து காய்ச்சலில் விழுந்த யாருக்கும் இது புரியும். காய்ச்சலைவிட, அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதே என்பதுதான் பெரிய கஷ்டம்.

பவுல் என்ன செய்தார் என்று பாருங்கள். கைதி அவர். பக்கத்தில் ஆள் தேவை. இருந்தும் எப்பாப்பிரோதீத்துவை ஊருக்கு அனுப்பிவைக்கிறார். அனுப்பும்போது அவரைச் சகோதரன் என்கிறார், உடன்வேலையாள் என்கிறார், உடன்சேவகன் என்கிறார். சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களைக் கனம்பண்ணுங்கள் என்று சபைக்கு எழுதுகிறார். ஏங்கியதற்காக ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அந்த ஏக்கத்தை மறைக்கவும் இல்லை. கனமான அந்தப் பட்டங்களுக்கு அடுத்த வரியிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

பவுல் மட்டும் ஏங்காதவரா? தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார், மாரிகாலத்துக்கு முன்னே எப்படியாவது வந்துசேரச் சொல்கிறார். அதே இடத்தில் மாற்குவையும் கூட்டிவரச் சொல்கிறார். முதல் ஊழியப் பயணத்தில் பெர்கேயில் இருந்து எருசலேமுக்குத் திரும்பிப்போன அதே மாற்கு. அவன் ஏன் திரும்பினான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லவில்லை. அவனுக்காகப் பவுலும் பர்னபாவும் சண்டைபோட்டுப் பிரிந்தார்கள் என்பது தெரியும். கடைசியில், ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன் என்று அவனையே பவுல் கேட்டு வாங்குகிறார் என்பதும் தெரியும். பாதியில் திரும்பிய ஒரு பிள்ளையைப் பற்றி நிரந்தரமாகத் தீர்ப்பு எழுதுகிற தலைவர்கள் இந்த இரண்டு இடங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவனைப் பற்றி லூக்கா ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது கடினமான வசனம். அதை மழுக்க நான் விரும்பவில்லை. ஆனால் அது சொல்லப்பட்டது யாரிடம்? வருகிறேன், ஆனாலும் முதலில் வீட்டில் விடைபெற்று வருகிறேன் என்று தவணை கேட்டு நின்றவனிடம். நீங்கள் தவணை கேட்கவில்லை. புறப்பட்டுவிட்டீர்கள். வேலைசெய்துகொண்டே கண் கலங்குகிறவனும் வேலைக்கே வராதவனும் ஒருவரல்ல. எலிசா தகப்பனையும் தாயையும் முத்தமிட்டு வருகிறேன் என்று கேட்டபோது எலியா தடுக்கவில்லை. கெரசேனரின் நாட்டில் குணமடைந்தவன் இயேசுவோடேகூட வரவேண்டும் என்று கெஞ்சினான்; அவனை அவர் உன் வீட்டுக்குப் போ என்று அனுப்பினார், அங்கேதான் சொல்லவேண்டியதைச் சொல்லச் சொன்னார். அவனுக்கு ஊழியக்களமே வீடுதான்.

நம் ஜில்லாவில் இந்தப் பேச்சு வந்தால் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை உதாரணம் காட்டாமல் யாரும் விடமாட்டார்கள். 1895இல் இந்தியாவுக்கு வந்தார், 1951இல் டோனாவூரில் மரிக்கும்வரை ஒருமுறைகூட அயர்லாந்துக்குத் திரும்பவில்லை. உண்மைதான். கேட்கிற பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு, பத்து நாள் கூட என்னால் முடியவில்லையே என்று மனம் கூனிக்குறுகிப்போகும். ஆனால் டோனாவூருக்குப் போய்ப் பாருங்கள். அவர் கேட்டுக்கொண்டபடி கல்லறைக்குக் கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி இருக்கிறது, அதில் 'அம்மை' என்று மட்டும் பொறித்திருக்கிறது. அவர் வளர்த்த பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட பெயர் அது. வீடில்லாமல் வாழ்ந்தவர் அல்ல அவர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வீட்டை உண்டாக்கி அதற்குள் வாழ்ந்தவர். பத்து நாள் ஊழியத்துக்கு அவர் வாழ்க்கையை அளவுகோலாக வைப்பது அவருக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நியாயமில்லை.

உங்களுக்குப் பொருத்தமான முன்னோர் வேறு சிலர் இருக்கிறார்கள். 1854வாக்கில் மிஷனரி ராக்லண்ட் ஐயர் வட திருநெல்வேலியில் கூடார ஊழியம் தொடங்கினார். நிலையான பங்களா கிடையாது. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதுதான் முறை. அவர் 1858இல் சிவகாசியில் மரித்தார். ராக்லண்ட் பெயர் தெரிந்த பலருக்கு, அவரோடு நடந்த நம் ஆட்களைத் தெரியாது. தெற்கே இருந்த சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து அங்கே அனுப்பின. ஒரு குழு போய்த் தன் காலத்தை முடித்துத் திரும்பும், அடுத்த குழு போகும். செலவையும் சபைகளே பார்த்துக்கொண்டன. போகும்போதே திரும்பும் மாதமும் அந்த ஏற்பாட்டில் இருந்தது. அவர்களுக்கும் வீட்டில் மனைவி பிள்ளைகள் இருந்தார்கள், பனைகள் இருந்தன, வயதான பெற்றோர் இருந்தார்கள். போய்வருவது அரைகுறை ஊழியம் என்று அன்றைய சபை நினைக்கவில்லை. பிறகு 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா தன் மனைவி அன்பு மரியம்மாளோடு தெலுங்கு நாட்டில் தோர்ணக்கலுக்குக் குடிபோனார், 1945இல் அங்கேயே மரித்தார். நிலையாய்ப் போனவர்களும் நமக்கு உண்டு, போய்வந்தவர்களும் உண்டு. போய்வந்தவர்களின் பெயர்களைத்தான் நாம் கல்லில் வெட்டாமல் விட்டோம்.

இனி, இந்தக் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

1898இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், ஹாஸ் என்ற மருத்துவரின் மனைவி ஒரு காரியம் செய்தார். கோடையில் பள்ளிக்கூடம் மூடிவிட்டால் நெருக்கடியான தெருக்களில் பிள்ளைகள் போக்கிடமில்லாமல் அலைந்தார்கள். அவர்களைக் கூட்டிவைக்க வேறு இடம் கிடைக்காததால் ஒரு பீர்க் கூடத்தை வாடகைக்கு எடுத்துக் காலைவேளைகளில் வேதாகமப் பள்ளி நடத்தினார். இன்று உலகம் முழுவதும் நடக்கிற வி.பி.எஸ்.ஸின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. அதாவது, போக்கிடமில்லாத பிள்ளைகளுக்கு ஒரு இடம் கொடுப்பதற்காக உண்டான ஊழியம் இது.

நீங்கள் போகிற மலையூரின் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறவர்கள். வருஷத்தில் பெரும்பகுதி விடுதியில்தான் சாப்பாடு, விடுதியில்தான் தூக்கம். ஆறு வயதில் தகரப்பெட்டியோடு போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் அவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். சில வீடுகளில் தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் வெளியூர் போன அப்பாவும் அப்போதுதான் வந்திருப்பார். பலா பழுத்திருக்கும். தம்பி நடக்கப் பழகியிருப்பான். அந்தப் பிள்ளை வருஷம் பூராவும் காத்திருந்த வாரங்கள் அவை. சரியாக அந்த வாரங்களில் நாம் மைக்கையும் டிரம்மையும் தூக்கிக்கொண்டு போய், காலை ஒன்பது மணிக்கு வா, சாயங்காலமும் வா, பவனிக்கு வா என்று கூப்பிடுகிறோம்.

ஒரு மலையூரில் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா தினமும் காலையில் பந்தலுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டிருப்பார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றால் வரமாட்டார். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். “பள்ளிக்கூடம் தொறந்தா போயிடுவா. இருக்கற வரைக்கும் பாத்துக்கறேன்” என்றார். மறுநாள் முதல் எங்கள் குழு பதினொன்றரை மணிக்கே பிள்ளைகளை அனுப்பியது. சாயங்கால நிகழ்ச்சியை நிறுத்தினோம். அம்மாக்களும் பாட்டிகளும் பிள்ளைகளோடு உட்காரப் பாய் விரித்தோம். கைவேலையை வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம், பிள்ளையும் அம்மாவும் சேர்ந்து செய்யட்டும் என்று. பாடத்திட்டத்தில் பாதிதான் முடிந்தது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

வீட்டு நினைப்பு உங்களுக்கு வருவதை நான் குறை என்று எண்ணாததற்கு இதுதான் முக்கியக் காரணம். அந்த ஊரில் யாருக்கும் புரியாத ஒன்றை நீங்கள் சுமந்துகொண்டு போகவில்லை. உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற எட்டு வயதுப் பிள்ளைக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும். விடுதியில் முதல் வாரம் எப்படி இருந்தது என்று அவளிடம் கேளுங்கள். போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு அழுததைச் சொல்வாள். அம்மா கட்டிக்கொடுத்த சாமைச்சோறு தீர்ந்துபோன பிறகும் தூக்குச்சட்டியைக் கழுவாமல் வைத்திருந்ததைச் சொல்வாள். வீட்டைத் தேடாதவன்போல் நடிக்கிற ஆசிரியரிடம் அவள் இதையெல்லாம் சொல்லமாட்டாள். எனக்கும் அம்மாவைத் தேடுது பாப்பா என்று நீங்கள் சொன்னால் சொல்வாள். பந்தலுக்கு அப்பால் நடக்கிற அந்தப் பேச்சை நான் ஊழியமாகவே எண்ணுகிறேன், அறிக்கையில் எழுத அதற்கு ஒரு கட்டம் இல்லாவிட்டாலும்.

சில நடைமுறைக் காரியங்கள். வீட்டுக்கு எந்த நேரத்தில் பேசுவீர்கள் என்று முன்பே சொல்லிவையுங்கள். சிக்னல் கிடைக்காத ஊர் என்றால் அதையும் சொல்லிவையுங்கள், அங்கே அம்மா பதறிக்கொண்டு இருக்கவேண்டாம். ராத்திரி படுக்கும்முன் பேசாதீர்கள், தூக்கம் போய்விடும்; மத்தியானம் பேசுங்கள். சரியாகச் சாப்பிடுங்கள். பசியும் வெயிலும் தூக்கமின்மையும் சேர்ந்தால் எந்த ஏக்கமும் இரட்டிப்பாகும். ஊரார் தருகிற களியையும் சாமைச்சோற்றையும் வாங்கிச் சாப்பிடுங்கள். தூத்துக்குடி மக்ரூனை உங்களுக்குள்ளேயே தின்று தீர்க்காமல் அவர்களுக்கும் கொடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள்; குழுவில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். உண்மையாகவே முடியவில்லை என்றால், காய்ச்சல் என்றால், வீட்டில் துக்கம் என்றால், மனம் மிகவும் உடைந்துவிட்டது என்றால், தலைவரிடம் சொல்லித் திரும்பி வாருங்கள். குழுத்தலைவர்களே, திரும்புகிற பிள்ளையைத் தனியாகப் பஸ் ஏற்றிவிடாதீர்கள். பெரியவர் ஒருவரைக் கூடவே அனுப்புங்கள். எப்பாப்பிரோதீத்துவுக்குப் பவுல் கொடுத்த மாதிரி ஒரு கடிதமும் கொடுத்து அனுப்புங்கள். சபையில் யாரும் குத்திக்காட்டாதபடி.

அப்பா அம்மாக்களுக்கு ஒன்று. போனில் அத்தை மகள் கல்யாணத்து வீடியோவைக் காட்டி, நீ மட்டும்தான் இல்லை என்று சொல்லாதீர்கள். அதற்காக, எங்களுக்கு ஒன்றும் தேடவில்லை என்று வீறாப்பும் காட்டாதீர்கள். தேடுது, நல்லா இருக்கோம், முடிச்சிட்டு வா. அவ்வளவு போதும்.

கடைசி நாள் பவனி முடிந்து பிள்ளைகள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷம் வருவீங்களாக்கா என்று கேட்கும். வருவேன் என்ற வார்த்தை தானாக வாயில் வரும். சொல்லாதீர்கள். அடுத்த வருஷம் வேலை கிடைத்திருக்கலாம், கல்யாணம் ஆகியிருக்கலாம், குழு வேறு மலைக்குப் போகலாம். விடுதியில் வாசலைப் பார்த்துக் காத்திருந்து பழகிய பிள்ளைகள் அவர்கள், நம்பிவிடுவார்கள். தெரியாது பாப்பா, ஆனால் உன் பேரைச் சொல்லி ஜெபிப்பேன் என்று சொல்லுங்கள். சொன்னால் ஜெபியுங்கள்.

ஊருக்கு வந்த பிறகு இன்னொன்று நடக்கும். விடுமுறை முடிகிற சமயத்தில் வந்து சேர்வீர்கள். வீட்டில் எல்லாம் இருக்கும், ஆனால் மனம் மலையைத் தேடும். காலை ஒன்பது மணியானால் அந்தப் பிள்ளைகளின் சத்தம் காதில் கேட்கும். ஆயர்மார்களுக்கு என் வேண்டுகோள்: வந்த முதல் ஞாயிறே இவர்களை மேடையேற்றி, எத்தனை ஊர், எத்தனை பிள்ளை என்று கணக்குக் கேட்காதீர்கள். இரண்டு வாரம் கழித்துப் ஆலயத்தின் பாத்திர அறையில் உட்காரவைத்து, ஒரு காப்பி கொடுத்து, பிள்ளைகளின் பெயர்களைக் கேளுங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும். நீங்கள் பாடம் சொல்லிக்கொடுத்த அந்தப் பிள்ளைகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போய்விடுவார்கள். ஊரில் இருக்கும்போதே பள்ளியின் பெயரையும் அஞ்சல் முகவரியையும் அவர்களுடைய அப்பா அம்மாவிடம் கேட்டு, அனுமதியோடு குறித்துக்கொள்ளுங்கள். குழுவாகச் சேர்ந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக, தலைமையாசிரியர் பார்வைக்குப் போகும்படி ஒரு தபால் அட்டை எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள், இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் வாசிக்கட்டும். ஜூன் இரண்டாம் வாரத்தில் போய்ச் சேருவது நல்லது. விடுதியில் அந்த வாரம்தான் அதிகமாக அழுவார்கள்.

அன்புடனும் ஜெபத்துடனும்,
உங்கள் அக்கா